தளம் இறுகும் வரை

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன மொழி. இவ்விரு பொறுப்புகளையும் ஒரே ஆண்டில் தோளில் ஏற்றிக்கொண்ட ஒரு தாயை நான் அறிவேன். கணவரை இழந்தவர். மூத்த மகன் வளைகுடா நாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தைக் கொண்டு, மழைதோறும் ஒழுகிய ஓட்டுக்கூரையை இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போடத் துணிந்தார். மகளின் திருமணத்துக்கு இரண்டு மாதங்களே இருந்தன. தளம் போட்ட எட்டாம் நாள் காலையில் சென்டரிங்காரர் வண்டியோடு வந்து வாசலில் நின்றார்.

"அம்மா, தளம் கல்லாய் இறுகிவிட்டது. அடுத்த வேலைக்குத் தகடுகள் வேண்டும். முட்டுகளைப் பிரித்துக்கொள்கிறேன்" என்றார்.

அந்தத் தாய் என்ன விடை அளித்தார் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன். அதற்கு முன், மேஸ்திரியிடம் வெற்றிலை பாக்கும் முன்பணமும் கொடுக்கும் நாளுக்கும், தளம் முடிந்து நாம் அதன்கீழ்ப் பாய்விரித்துப் படுக்கும் நாளுக்கும் இடையே என்னென்ன நிகழும் என்பதை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். ஏனெனில், வீடு கட்டுவோர் பலருக்கு மனக்கசப்பு வருவது மேஸ்திரியின் வஞ்சகத்தால் அன்று. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று அறியாமையால்தான். எந்த நாளில் விரைய வேண்டும், எந்த நாளில் பொறுத்திருக்க வேண்டும் என்று அறிந்தவர் ஏமாறுவதும் இல்லை. பிறரை வீணே சந்தேகிப்பதும் இல்லை.

ஒப்பந்தம் பேசும் நாள்

ஓட்டுக்கூரையை மாற்றித் தளம் போடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன செலவாகும்?" என்பதன்று, "என் சுவர் தாங்குமா?" என்பதே. ஐந்து அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளம், ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 29 கிலோ எடை உடையது. ஆயிரம் சதுர அடித் தளம் என்றால் 29 டன். மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவருக்கும், ஆழமற்ற அடித்தளத்துக்கும் இது தாங்கவொண்ணாச் சுமையாகலாம். ஆகவே, ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துச் சுவரைக் காட்டி, தளத்துக்கு வரைபடம் வாங்குவது வீண் செலவன்று. கம்பி எத்தனை, எவ்வளவு இடைவெளி, பீம் எங்கே என்பவற்றை அவர் காகிதத்தில் எழுதித் தரட்டும். "அனுபவத்தில் போட்டுவிடலாம்" என்ற சொல்லில் மயங்க வேண்டாம்.

அடுத்து, ஒப்பந்தம். பொருளும் கூலியும் சேர்த்து மேஸ்திரியே ஏற்பது ஒரு வகை. பொருளை நாம் வாங்கித் தர, கூலி மட்டும் அவருக்குப் பேசுவது மற்றொரு வகை. இரண்டில் எதுவாயினும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நன்று. எழுதிக் கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணிக் கூசுவோர் உண்டு. நினைவு தடுமாறும், எழுத்து தடுமாறாது. எழுதி வைப்பதால் காப்பாற்றப்படுவது வீட்டுக்காரர் மட்டுமல்லர், மேஸ்திரியுந்தான்.

அந்நோட்டில் இடம்பெற வேண்டியவை சில. கூலி சதுர அடிக்கு எவ்வளவு? சன்ஷேடு, பரண், மாடிப்படி ஆகியவை அக்கணக்கில் சேருமா, தனியா? கலவை இயந்திரத்துக்கும் வைப்ரேட்டருக்கும் வாடகை யாருடையது? சென்டரிங் தகடுகளும் முட்டுகளும் எத்தனை நாள் நிற்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை மறந்தவர்களே பின்னாளில் வருந்துகிறார்கள். தகடு என்பது சென்டரிங்காரருக்கு முதல். அது ஒரு வீட்டில் நிற்கும் நாளெல்லாம் அடுத்த வீட்டு வேலை தள்ளிப்போகிறது. ஆகவே அவர் அவசரப்படுவது இயல்பு. பொறியாளர் சொல்லும் நாள்வரை முட்டு நிற்க வேண்டும், அதற்கான வாடகையும் பேசிய தொகையில் அடக்கம் என்று முதலிலேயே எழுதிவிட்டால், பின்னர்ப் பேச்சுக்கு இடமில்லை.

பணத்தை மொத்தமாக முன்னரே கொடுத்துவிட வேண்டாம். வேலை முடிந்தபின் தருவேன் என்று இழுத்தடிக்கவும் வேண்டாம். சிறு முன்பணம், சென்டரிங்கும் கம்பியும் முடிந்ததும் ஒரு பங்கு, கான்கிரீட் போட்டதும் ஒரு பங்கு, முட்டுப் பிரித்ததும் ஒரு பங்கு, ஒழுக்குச் சோதனைக்குப்பின் எஞ்சியது. இவ்வாறு படிப்படியாகப் பிரித்தால் இருதரப்புக்கும் கவலையில்லை.

சென்டரிங்கும் கம்பியும்

நடுத்தர வீடு ஒன்றுக்குச் சென்டரிங் அடிக்கச் சாதாரணமாக ஒரு வாரம் ஆகும். இந்நாட்களில் வீடு முழுதும் முட்டுக்காடாகக் காட்சியளிக்கும். சவுக்குக் கழியாயினும் இரும்பு முட்டாயினும், அது செங்குத்தாக நிற்கிறதா, அடியில் உறுதியான தரையோ பலகையோ இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு சொன்ன 29 டன் எடையைக் கான்கிரீட் இறுகும்வரை சுமக்கப்போவது இந்த முட்டுகளே. இளகிய மண்மேல் நின்ற ஒரு முட்டு அமிழ்ந்தாலும் தளம் அந்த இடத்தில் தாழ்ந்துவிடும். தகடுகளின் இடுக்குகளை அடைத்தார்களா என்றும் கவனியுங்கள். இடுக்கு வழியே சிமெண்டுப் பால் ஒழுகினால், ஜல்லி மட்டும் எஞ்சி, தளத்தின் அடிப்புறம் தேன்கூடு போலாகிவிடும்.

பின்னர்க் கம்பி கட்டுவோர் வருவர். இரண்டு மூன்று நாள் வேலை. கம்பியின் கனத்தை வீட்டுக்காரரே சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர்க் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். இதன்படி 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பி ஒன்று ஏறத்தாழ 4.7 கிலோவும், 10 மி.மீ. கம்பி 7.4 கிலோவும் இருக்க வேண்டும். எடை மிகவும் குறைந்தால் கடைக்காரரிடம் காரணம் கேட்கலாம்.

கம்பி தகட்டின்மீது படிந்து கிடக்கக் கூடாது. அதன் அடியில் 20 மி.மீ. உயரமுள்ள கவர் பிளாக்குகளை வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் போர்வையாக அமைந்தால்தான் துரு ஏறாது. சில ஆண்டுகளிலேயே கூரையின் அடிப்பூச்சு உரிந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். சில ரூபாய்க் கவர் பிளாக்கில் மிச்சம் பிடித்ததன் விளைவாகவே அது பெரும்பாலும் நேர்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வீசுவதால் இந்தப் போர்வை இன்னும் கனமாக வேண்டும். எவ்வளவு என்பதைப் பொறியாளர் சொல்வார்.

மற்றொரு நுட்பமும் உண்டு. இரு சுவர்களுக்கு இடையே கிடக்கும் தளத்துக்கு முக்கியக் கம்பி அடிப்புறம் அமையும். ஆனால் ஒருபுறம் மட்டும் பிடிப்புள்ள சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் முக்கியக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அக்கம்பியை மிதித்துத் தாழ்த்திவிட்டால், கம்பி இருந்தும் பயனில்லை. நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள்.

மின்குழாய், விளக்குப்பெட்டி, மின்விசிறிக் கொக்கி ஆகியவற்றைப் பதிக்க மின்பணியாளர் வர வேண்டியதும் இந்த இடைவேளையில்தான். அவரை மறந்துவிட்டுப் பிற்பாடு தளத்தைக் கொத்துவது, தைத்த சட்டையைக் கிழித்துப் பை வைப்பது போன்றதாகும். எல்லாம் முடிந்தபின் பொறியாளர் ஏறிப்பார்த்து "போடலாம்" என்று சொல்லட்டும். அவர் பாராமல் கான்கிரீட் வேண்டாம்.

கான்கிரீட் நாள்

தளம் போடும் நாள் வீட்டில் விழாவைப் போன்றது. விடியுமுன் கலவை இயந்திரம் வந்து சேரும். இருபது, முப்பது பேர் வரிசையாக நின்று பாண்டு மாற்றுவர். அனைவருக்கும் உணவளிப்பதும், கை நிறைய ஏதேனும் கொடுப்பதும் நம் நாட்டு வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் வீட்டுக்காரர் சமையற்கட்டிலும் விருந்தினர் உபசாரத்திலும் மூழ்கிவிடாமல், குடும்பத்தில் ஒருவராவது கலவை இயந்திரத்தின் அருகில் நிற்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? முதலாவது, சிமெண்டு. மூட்டையின்மீது தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று மாதங்களுக்கு மேற்பட்டதையும், கட்டி தட்டியதையும் தவிர்க்க. இரண்டாவது, அளவு. வீட்டுத் தளத்துக்கு வழக்கமான கலவை, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இக்கணக்கில் ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளத்துக்கு, பீம் நீங்கலாக, நூறு மூட்டைக்குச் சற்று முன்பின்னாகச் சிமெண்டு செல்லும்.

மூன்றாவது, தண்ணீர். இதுவே அனைத்திலும் முக்கியமானது. இக்கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. மணல் ஈரமாயிருந்தால் இன்னும் குறையும். ஆனால், கலவை இளகியிருந்தால் தள்ளுவதும் பரப்புவதும் எளிது. ஆகவே களைத்த கைகள் ஒரு குடம் கூடுதலாக ஊற்றத் துடிக்கும். மிகையான நீர் பின்னர் உலர்ந்து போகும்போது, அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகும். தளம் வலிமை இழக்கும். கோபப்படாமல், ஆனால் உறுதியாக, "தண்ணீர் போதும் தம்பி" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

கொட்டிய கலவையை வைப்ரேட்டர் கொண்டு அதிர்வித்து இடைவெளியின்றி நிரப்ப வேண்டும். வேலை தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. இயந்திரம் பழுதானாலும் பெருமழை வந்தாலும் எங்கே நிறுத்துவது என்பதைப் பொறியாளரிடம் முன்னரே கேட்டு வைத்துக்கொள்க. மூடுவதற்குத் தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள் குறிப்பதைத் தவிர்த்தல் நலம். கோடையாயின், வெயிலும் காற்றும் புதுத்தளத்தை விரைவில் உலர்த்தி வெடிப்பு உண்டாக்கும் என்பதால் அன்று மாலையே ஈரச்சாக்கால் போர்த்த வேண்டும்.

ஒன்றும் நடவாததுபோல் தோன்றும் நாட்கள்

கான்கிரீட் போட்ட மறுநாள் வீடு வெறிச்சென்று இருக்கும். ஆட்கள் வேறு வேலைக்குச் சென்றிருப்பர். "முன்பணம் வாங்கியவர் எங்கே போனார்?" என்று அண்டை வீட்டார் கேட்பர். வீட்டுக்காரருக்கும் மனம் பதறும். அன்பர்களே, இங்கேதான் நாம் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். ஆட்கள் வேலை செய்த நாட்களில் தளத்துக்கு உருவம் மட்டுமே கிடைத்தது. வலிமை கிடைப்பது ஆளில்லாத இந்நாட்களில்தான்.

கான்கிரீட் இறுகுவது சேறு காய்வது போன்றதன்று. சேறு நீரை இழந்து கெட்டியாகிறது. சிமெண்டோ நீரோடு கலந்து வேதிமாற்றம் அடைந்து கெட்டியாகிறது. அதற்கு நீர் உணவு போன்றது. நீர் கிடைக்காவிட்டால் அம்மாற்றம் பாதியில் நின்றுவிடும்; பின்னர் எவ்வளவு ஊற்றினாலும் இழந்த வலிமை முழுதும் திரும்பாது. ஆகவே தளத்தின்மீது மண்ணாலோ சாந்தாலோ பாத்தி கட்டி, இரண்டு அங்குல உயரம் நீரை நிறுத்த வேண்டும். பீமின் பக்கங்களுக்கு நனைந்த சாக்கு.

எத்தனை நாள்? கான்கிரீட் வேலைக்கென 2000ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதித்தொகுப்பு, சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் என்றும், வறண்ட வெப்பமான சூழலில் 10 நாட்கள் என்றும் கூறுகிறது. அனல் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டு இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கிறது. அது மெல்ல வலிமை பெறுவது. நம் ஊர் வெயிலில் அதற்கு 14 நாட்கள் தேவை. மூட்டையின்மீது எந்த வகை என்று எழுதியிருக்கும். இந்த வேலையைக் கூலியாளிடம் விட்டுவிட்டால் இரண்டு நாள் நடக்கும். மூன்றாம் நாள் மறக்கும். இது வீட்டாரின் கடமை. பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் மாடிப்படியேறி, பாத்தியில் நீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். தம் வீட்டுக் கூரைக்குத் தாமும் பங்களித்தோம் என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் நிலைக்கும். ஆனால், முட்டுகள் நிற்கும் அறைக்குள் எவரும் விளையாடவோ உறங்கவோ கூடாது.

முட்டுப் பிரிக்கும் நாள்

இப்போது அந்தத் தாயிடம் திரும்புவோம். எட்டாம் நாள் வந்து நின்ற சென்டரிங்காரரிடம் அவர் சினந்து பேசவில்லை. திண்ணையில் அமரச் செய்து, மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உலை கொதிக்கிறது என்பதற்காகச் சோற்றை இறக்கிவிடுவேனா? வெந்ததா என்று பார்த்துத்தானே இறக்குவேன்? கூடம் பதினாறு அடி அகலம். பொறியாளர் பதினைந்து நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நோட்டில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. கூடுதல் வாடகை வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன். தளத்தை அவித்தது பாதியில் இறக்கச் சொல்லாதீர்கள்."

அவர் சிரித்துவிட்டார். கூடுதல் வாடகை கேட்கவுமில்லை. பதினாறாம் நாள் வந்து பிரித்துச் சென்றார்.

அத்தாய் கூறியதில் கணக்கும் இருந்தது. மேற்கண்ட விதித்தொகுப்பின்படி, சாதாரணச் சிமெண்டில், 4.5 மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 15 அடி வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாட்களும், அதற்கு மேற்பட்ட தளத்துக்கு 14 நாட்களும் முட்டு நிற்க வேண்டும். பீமாயின் 6 மீட்டர் வரை 14 நாட்கள்; அதற்கு மேல் 21 நாட்கள். பி.பி.சி. சிமெண்டு, குளிர், மழை ஆகியவற்றைப் பொறுத்துப் பொறியாளர் இன்னும் சில நாட்கள் கூட்டக்கூடும். ஏழாம் நாள் தளத்தைத் தட்டினால் கல் போலத்தான் ஒலிக்கும். ஆனால் 28ஆம் நாளில் பெறவிருக்கும் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது பெற்றிருக்கும். காதும் கண்ணும் இதில் ஏமாறும்.

அவசரப்பட்டவர் ஒருவரையும் நான் அறிவேன். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டு, ஆறாம் நாள் அகன்ற கூடத்தின் முட்டுகளைப் பிரிக்கச் செய்தார். தளம் விழவில்லை. ஆனால் நடுவில் தாழ்ந்தது. மேலே பூச்சைச் சமன்செய்து மறைத்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் தாழ்ந்த இடத்தில் குளம்போல் நீர் தேங்குகிறது. கீழே விரிசல் ஓடுகிறது. அக்கூடத்தில் படுக்க அவ்வீட்டு முதியவர் இன்றும் அஞ்சுகிறார். பத்து நாள் பொறுமையை விற்று, ஆயுள் முழுவதற்கும் அச்சத்தை வாங்கிக்கொண்டார்கள்.

பிரிக்கும் முறையும் ஒன்று உண்டு. தளத்துக்கு நடுவிலிருந்து தொடங்கிச் சுவர்களை நோக்கியும், சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் வெளி முனையிலிருந்து சுவரை நோக்கியும் பிரிக்க வேண்டும். அடித்துத் தள்ளாமல் மெல்லத் தளர்த்த வேண்டும். பிரித்தபின் அடிப்புறத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தேன்கூடு போன்ற இடமோ வெளித்தெரியும் கம்பியோ இருந்தால், பூச்சு வேலையால் மறைக்குமுன் பொறியாளருக்குக் காட்டுங்கள். மேற்பரப்பில் தோன்றும் மயிரிழை விரிசல் எல்லாம் ஆபத்தன்று. நாளுக்கு நாள் வளரும் விரிசலும், நீர் கசியும் விரிசலுமே அஞ்சத்தக்கவை.

சுர்க்கியும் ஒழுக்குச் சோதனையும்

கான்கிரீட் தளம் வலிமை தரும். அது மட்டுமே மழையைத் தடுத்துவிடாது. அதன்மேல் நீர் வடியும் சரிவோடு ஒரு காப்பு வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாய் அமர்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டும் சுர்க்கி வேலையை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பர். வெப்பத்தையும் அது தணித்தது. இக்காலத்தில் அவ்வேலை அறிந்தோர் குறைந்து, நீர்க்காப்புப் பூச்சும் வெப்பம் தணிக்கும் வெள்ளை ஓடும் அவ்விடத்தைப் பிடித்துவருகின்றன. எதுவாயினும், நீர் போகும் குழாயை நோக்கிச் சரிவு இருப்பது அவசியம். அறுபது அடிக்கு ஓர் அடியேனும் சரிவு வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் குழிவாகப் பூசி அடைப்பதும் அவசியம். ஒழுக்கு பெரும்பாலும் அம்மூலையில்தான் தொடங்குகிறது.

முடிந்ததும் வடிகுழாய்களை அடைத்து, இரண்டு நாள் நீரை நிறுத்திப் பாருங்கள். கீழே எங்கும் ஈரம் கசியாவிட்டால், மகிழ்ச்சியோடு கடைசிப் பங்கைக் கொடுத்துவிடுங்கள். அதை ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கசிந்தால், சரிசெய்யும் பொறுப்பு ஒப்பந்தம் ஏற்றவருடையது. பேசித் தீராத வழக்காயின், வீடு கட்டித்தரும் பணி 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகவே கருதப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்கும் கையொப்பமிட்ட அந்த நோட்டே சாட்சி.

நம் கூரையைச் சுமந்தவர்கள்

இறுதியாக ஒரு சொல். அந்த 29 டன்னும் நம் தலைக்கு மேலே சென்றது மனிதர் தோளிலும் தலையிலும்தான். அவர்களுள் பாதிப்பேர் சித்தாள் வேலை செய்யும் தாய்மாராக இருக்கலாம். குடிநீரும், நிழலும், ஒதுங்குவதற்கு ஓர் இடமும் செய்து தருவது தயவன்று, கடமை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்துகொண்டோரின் குடும்பங்களுக்கு விபத்து, பிள்ளைகளின் படிப்பு, திருமணம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்வோர் பதிவு செய்துள்ளனரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையெனில் வழிகாட்டுங்கள்.

அந்தத் தாயின் மகளுக்குக் குறித்த நாளிலேயே திருமணம் நடந்தது. சுவர்ப்பூச்சு முழுதும் முடிந்திருக்கவில்லை. வண்ணம் அடிக்கவும் நாளில்லை. வந்த உறவினர் சிலர் அதைக் குறையாகப் பேசினர். அன்றிரவு கோடைமழை கொட்டியது. பந்தலில் இருந்தோரெல்லாம் ஓடிவந்து அந்தப் பதினாறு அடிக் கூடத்தில் ஒதுங்கினர். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. சென்டரிங்காரரும் விருந்துக்கு வந்திருந்தார். அவர் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். குறை பேசியவர்களும் அப்போது அந்தக் கூரையின்கீழ்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.